பச்சைக் கல்

முதலில் கழுத்தைப் பார்ப்பேன்.
கல்லை இல்லை, விலையை இல்லை,
துணி கழுத்தில் எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது என்று.
வி வெட்டுக்கு, அந்த முனை வரை போகாமல்
இரண்டு விரல் மேலே நின்றுவிடும் சங்கிலி.
படகுக் கழுத்துக்கு ஒன்றும் வேண்டாம்,
தோளிலிருந்து தோளுக்கு அதுவே ஓர் ஆரம்.
காலர் சட்டைக்குத் தொங்கட்டான் போட்டால்
இடித்து இடித்து மைக்கில் சிணுங்கும்.
நிதியமைச்சர் பேட்டியில் அப்படிச் சிணுங்கி
மறுநாள் மேலே கூப்பிட்டார்கள் என்னை.

நைரோபி, நான்காம் மாடி, ஜன்னலில்லாத அறை.
செய்தி வாசிக்கிறவர்களுக்கு நகை எடுத்துத் தருகிறேன்.
முன்பு இதே கட்டடத்தில் கேபிள் சுற்றினேன்.
கேபிள் சுற்றுகிறவனுக்குச்
சங்கிலிச் சிக்கு எடுக்க வரும் என்று
யாரோ கண்டுபிடித்தார்கள்.

எல்லாம் இரவல். பியாஷாரா தெருக் கடைகளுடையவை.
விலைச்சீட்டை மடித்துக் காதுக்குப் பின்னால் ஒட்டுவேன்.
நாட்டு நடப்பைச் சொல்லும் முகத்தின் மறுபுறம்
நாலாயிரத்து ஐந்நூறு ஷில்லிங்.

ஆடை கத்தினால் நகை வாயை மூட வேண்டும்.
நெகேசாவுக்கு அது பிடிக்காது.
கிடெங்கே பூவெல்லாம் கத்துகிற நாளில்தான்
மூன்று பித்தளை வளையல் கேட்பாள்.
மேசையில் தட்டும் என்பேன், ஒன்று கொடுப்பேன்.
கைப்பையிலிருந்து இரண்டை அவளே எடுப்பாள்.

பச்சை மட்டும் கூடாது.
சனி ஞாயிறுகளில் வானிலையும் அவளே,
பின்னால் பச்சைத் திரை.
பச்சையைக் கண்டால் கணினி
அந்த இடத்தில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

அந்த ஞாயிறு, மேற்கே ஆறு கரையை உடைத்தது.
செப்டூ ஓடிவந்தாள்: மஞ்சளைக் கழற்று,
எதுவும் மின்னக் கூடாது.
சாம்பல் கோட்டு எடுத்தேன்.
முத்து? கல்யாணத்துக்குக் கிளம்பினாற்போல.
வெள்ளி? விளக்கில் தெறித்தது.
வெறும் காதோடு விட்டுப் பார்த்தோம்.
"தூக்கத்தில் எழுப்பி இழுத்து வந்தாற்போல இருக்கிறது.
அவர்களைத்தான் அப்படி எழுப்பினார்கள்.
அந்த வேஷம் நான் போட மாட்டேன்."
கையில் போன். ஒன்பது தடவை அடித்தாகிவிட்டது,
தம்பி எடுக்கவில்லை.

தட்டைத் துழாவினாள்.
பட்டாணி அளவில் இரண்டு பச்சைக் கல்.
"பச்சை" என்றேன்.
"தெரியும், ஒடுவோர்."
சாம்பலுக்குப் பச்சை பொருந்தும்தான்,
அதை நான் எப்படி மறுக்க?
திருகை நான் போட்டேன். அவள் விரல் நிற்கவில்லை.
போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மேசையில் இருந்தவரை அவை வெறும் கல்.
எழுந்து திரைமுன் நின்றதும்
இரண்டும் திறந்துகொண்டன.
வரைபடத்தில் மேகம் மேற்கே நகர்ந்தது,
நகர்ந்து இடக்காதுக்குள் வந்தது.
அங்கே மழை, பட்டாணி அளவு.
"இன்னும் இரண்டு நாள்" என்று திரும்பினாள்,
வலக்காதிலும்.
யார் கொடுத்தது அது என்று
கட்டுப்பாட்டறையிலிருந்து செப்டூ கத்துகிறாள்.
என் சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
தம்பியின் எண்.
எடுக்கலாமா? எடுத்து, என்னவென்று கேட்பது?
அது நின்றது. மறுபடி அதிர்ந்தது.

விளக்கு அணைந்ததும் வந்தாள்.
ஒரு கல்லைத் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் திணித்து
போனைக் காதோடு அழுத்தினாள்.
கல் சூடாக இருந்தது, சீட்டு வியர்வையில் நனைந்து.
முகத்தைப் பார்க்க வரவில்லை எனக்கு,
பழக்கம், கழுத்தைப் பார்த்தேன்.
ஒரு விழுங்கல் மெல்ல இறங்கியது.
நல்லதா கெட்டதா என்று
கழுத்திலிருந்து சொல்ல முடியவில்லை.